சுகர் இருக்கு, ராத்திரில சாக்லேட்டை நிறுத்த முடியல: ஒரு வாசகிக்கு பதில்

வணக்கம் சகோதரி,

உங்க லெட்டரை பொறுமையா படிச்சேன். பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கீங்க, கண்டிப்பா போடல. படிக்கிற மத்தவங்களுக்கும் விஷயம் புரியணும், அதனால நீங்க எழுதினதை சுருக்கி சொல்லிடறேன். வயசு நாற்பதை தாண்டிடுச்சு, டைப் 2 சுகர், மாத்திரை மட்டும்தான், இன்சுலின் இல்ல. சுகர்னு தெரிஞ்ச நாள்ல இருந்து ரொம்ப கட்டுப்பாடா இருக்கீங்க, இனிப்பு சுத்தமா கிடையாது, மாவுப் பொருள் கிடையாது, காலைல வெறும் காபி, மதியம் கொஞ்சம் காய், சாயங்காலம் சீக்கிரமே லேசா ஏதாவது, அதோட சரி. பகல் பூரா பாக்கறவங்க பாராட்டற மாதிரி இருக்கீங்க. ஆனா வாரத்துல ரெண்டு மூணு நாள், வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம், பிள்ளைங்களுக்கு வாங்கி வெச்ச சாக்லேட்டை நின்னுக்கிட்டே பிரிச்சு, ஒரு பெரிய பார் முழுசும் காலி பண்ணி, அதுக்கப்புறம் கைக்கு கிடைக்கிற பிஸ்கட் வரைக்கும் போயி, வயிறு வலிக்க ஆரம்பிச்சாதான் நிக்கறீங்க. பாதிக்கு மேல ருசியே தெரியறதில்லன்னு எழுதியிருக்கீங்க. கவரை பேப்பர்ல சுத்தி குப்பைக்கு அடியில தள்ளிடறீங்க. மறுநாள் தண்டனை மாதிரி ராத்திரி வரைக்கும் பட்டினி. கணவர் இப்போ சாக்லேட்டை ஒளிச்சு வைக்க ஆரம்பிச்சிருக்கார். ஒரு தோழி டார்க் சாக்லேட் ஒரு துண்டு சாப்பிடுன்னு சொல்றாங்க, இன்னொருத்தங்க இது போதை மாதிரி, தொடவே கூடாதுன்னு சொல்றாங்க. கடைசியா ஒரு வரி எழுதியிருந்தீங்க, "எனக்கு சாக்லேட்னா அவ்ளோ பிடிக்கும், மத்தவங்க மாதிரி கொஞ்சம் சாப்பிட்டு சந்தோஷமா எழுந்து போக என்னால முடியவே முடியாதா?"

முடியும். இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நீங்க இந்த பதிலை பயந்துக்கிட்டேதான் படிப்பீங்கன்னு எனக்கு தெரியும். நான் டயட்டீஷியன், சாப்பாட்டோட இந்த மாதிரி போராடறவங்களோடதான் என் வேலையில பெரும்பகுதி போகுது, உங்களை மாதிரி எழுதினவங்க, நேர்ல வந்து அழுதவங்க நிறைய பேர் பின்னாடி சாக்லேட்டை நிம்மதியா சாப்பிட்டிருக்காங்க. ஆனா அது இன்னைக்கு ராத்திரில இருந்து ஆரம்பிக்கிற விஷயம் இல்ல, அதுக்கு முன்னாடி சரி பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு, அது சாக்லேட்டே இல்ல, உங்க பகல்.

நீங்க எழுதின அந்த ஒரு நாளை திரும்ப பாருங்க. காலைல காபி, மதியம் காய், சாயங்காலம் லேசா ஏதோ. ராத்திரி பதினொரு மணிக்கு உங்க உடம்பு எந்த நிலைமைல இருக்கும்? ரொம்ப நேரம் மூச்சை அடக்கினவங்க வாயை திறந்ததும் நிதானமா, அளவா காத்தை இழுக்க மாட்டாங்க, ஒரே இழுப்பா இழுப்பாங்க, அதை பேராசைன்னு யாரும் சொல்றதில்ல. உங்களுக்கு ராத்திரி நடக்கறதும் பெரும்பாலும் அதுதான், அந்த நேரத்துல வீட்ல இருக்கறதுலயே சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த, சமைக்க வேண்டாத, சத்தம் போடாம சாப்பிடக்கூடிய பொருள் சாக்லேட், அதனால கை அங்க போகுது.

இது என் ஊகம் இல்ல. 1944-45ல அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்சல் கீஸ்ங்கறவர் ஒரு ஆராய்ச்சி பண்ணார், உடம்பும் மனசும் நல்லா இருந்த 36 இளைஞர்கள், தாங்களா முன்வந்தவங்க, அவங்களுக்கு 24 வாரம் பாதிப் பட்டினி. அதுக்கு முன்னாடி சாப்பாட்டு விஷயத்துல எந்த பிரச்சினையும் இல்லாதவங்க, நாளாக ஆக சாப்பாட்டை பத்தியே பேச ஆரம்பிச்சாங்க, சமையல் புத்தகமா சேர்த்தாங்க, தட்டை நக்கினாங்க. பட்டினி முடிஞ்சு தாராளமா சாப்பாடு கிடைச்சப்போ அவங்கள்ல சிலர் வயிறு ரொம்பினப்புறமும் நிறுத்த முடியாம சாப்பிட்டாங்க. யாரும் மன உறுதி இல்லாத ஆளுங்க கிடையாது. பட்டினி எந்த மனுஷனையும் அந்த இடத்துக்கு கொண்டு போகும்.

சாக்லேட்டுக்கே தனியா ஒரு ஆராய்ச்சி இருக்கு, 2005ல ஜேனட் பாலிவியும் கூட இருந்தவங்களும் பண்ணது. ஒரு வாரம் சாக்லேட் தொடக்கூடாதுன்னு சிலருக்கு தடை போட்டாங்க, அப்புறம் எவ்ளோ வேணும்னாலும் சாப்பிடலாம்னு முன்னாடி வெச்சாங்க. சாதாரணமா சாப்பாட்டை கட்டுப்படுத்தாதவங்க பெருசா ஒண்ணும் மாறல, எப்பவும் டயட் டயட்டுன்னு இருக்கறவங்கதான் அந்த தடைக்கு அப்புறம் அதிகமா சாப்பிட்டாங்க. அதாவது யாருக்கு தடை தேவைன்னு நினைக்கிறோமோ அவங்களுக்குத்தான் தடை திருப்பி அடிக்குது.

இன்னொண்ணு, 1975ல ஹெர்மன், மேக்னு ரெண்டு பேர் பண்ணது, இதை என்கிட்ட வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுவேன். ஆளுங்களுக்கு முதல்ல மில்க்‌ஷேக் குடிக்க கொடுத்துட்டு, அப்புறம் ஐஸ்கிரீம் ருசி பாத்து சொல்லுங்கன்னு வெச்சாங்க. டயட்ல இல்லாதவங்க மில்க்‌ஷேக் குடிச்சப்புறம் ஐஸ்கிரீமை குறைச்சு சாப்பிட்டாங்க, வயிறு நிறைஞ்சிருக்கு, நியாயம்தான். டயட்ல இருக்கறவங்க மில்க்‌ஷேக் குடிச்சப்புறம் ஐஸ்கிரீமை அதிகமா சாப்பிட்டாங்க. ஏன்? "போச்சு, இன்னைக்கு கெட்டுடுச்சு, இனிமே என்ன"ங்கற அந்த எண்ணம். உங்க லெட்டர்ல நீங்களே இதை எழுதியிருக்கீங்க, முதல் துண்டு வாயில போட்ட உடனே "சரி, நாளைல இருந்து ஒழுங்கா இருப்போம், இன்னைக்கு முடிச்சிடுவோம்"னு தோணுதுன்னு. அந்த நாளைங்கற பட்டினிதான் இன்னைக்கு பார் முழுசையும் சாப்பிட வைக்குது, புரியுதா? இனிமே கிடைக்காதுன்னு தெரிஞ்சா மனசு இருக்கறப்பவே வாரிக்கும்.

அப்போ டயட்டே தப்பான்னு கேப்பீங்க. அப்படி சொல்ல மாட்டேன், உங்களுக்கு சுகர் இருக்கு, மாவுச்சத்தை கவனிக்கத்தான் வேணும். வெஸ்டன்ஹோஃபர்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1991ல சாப்பாட்டு கட்டுப்பாட்டை ரெண்டு வகையா பிரிச்சார். ஒண்ணு இறுக்கமானது, இது உண்டு இது இல்ல, தப்பினா எல்லாம் போச்சு. இன்னொண்ணு தளர்வானது, அளவு பாப்பாங்க, ஒருநாள் கூடினா அடுத்த வேளை சாதாரணமா சாப்பிட்டு போயிடுவாங்க. கட்டுப்பாடு இழந்து சாப்பிடறது இறுக்கமான வகையோடதான் அதிகமா சேர்ந்து வருது. டாக்டரோ டயட்டீஷியனோ கூட இருந்து போடற அளவான உணவுத் திட்டத்துல பொதுவா இந்த மாதிரி சாப்பிடறது கூடறதில்ல, குறையக்கூட செய்யுது. உங்க டயட்டை யார் போட்டு கொடுத்ததுன்னு நீங்க எழுதல, படிச்சப்போ அங்கங்க கேட்டதை எல்லாம் சேர்த்து நீங்களே போட்டுக்கிட்ட மாதிரிதான் எனக்கு தெரிஞ்சுது, ஏன்னா இவ்ளோ இறுக்கமா சுகருக்கு தேவையே இல்ல.

இப்போ சாக்லேட்டை விட அவசரமான ஒரு விஷயம், தயவு செஞ்சு இதை தாண்டி படிக்காதீங்க. என்ன மாத்திரைன்னு நீங்க எழுதல. மெட்ஃபார்மின் மட்டும்னா பட்டினி இருந்தாலும் சுகர் ரொம்ப இறங்கறது அபூர்வம். ஆனா கிளிமெபிரைடு, கிளிக்லசைடு மாதிரி மாத்திரையா இருந்தா, அதை போட்டுட்டு பகல் பூரா சாப்பிடாம இருக்கறது ஆபத்து, சுகர் திடீர்னு இறங்கி மயக்கம் வரைக்கும் போகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரையா இருந்தா பட்டினியும் ரொம்ப குறைஞ்ச மாவுச்சத்தும் சேரும்போது கீட்டோஅசிடோசிஸ்னு, அதாவது ரத்தத்துல அமிலம் கூடிப் போற ஒரு அபாயம் இருக்கு, அது ரத்தத்துல சுகர் பெருசா ஏறாமலேயே கூட வரும், வாந்தி, வயித்து வலி, மூச்சு வாங்கறதுன்னு வந்தா உடனே ஆஸ்பத்திரி போகணும். அதனால நாளைக்கே உங்க டாக்டர்கிட்ட மாத்திரை சீட்டை காட்டி, நான் அடிக்கடி பகல்ல சாப்பிடறதில்ல, ராத்திரி நிறைய சாப்பிடறேன்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. உங்க ஹெச்பிஏ1சி குறைஞ்சிருக்குன்னு சந்தோஷப்பட்டீங்க, நல்ல விஷயம்தான், ஆனா அது கடந்த ரெண்டு மூணு மாசத்து ரத்த சர்க்கரையோட சராசரி. பகல்ல பட்டினில கீழ கிடந்து ராத்திரி சாக்லேட்டுல மேல ஏறினாலும் சராசரி நல்லாத்தான் தெரியும், அந்த ஏத்த இறக்கம் அதுல தெரியாது, டாக்டரும் அந்த நம்பரை மட்டும் பாத்து எல்லாம் சரியா போகுதுன்னு நினைச்சுக்குவார்.

இதோட ஒரு சின்ன விஷயம், சுகர் இறங்கினா சாப்பிடறதுக்குன்னு பையில சாக்லேட் வெச்சிருக்கறவங்க நிறைய பேர். அதுக்கு சாக்லேட் சரிப்படாது, அதுல இருக்கற கொழுப்பு சர்க்கரை ரத்தத்துல சேர்றதை தாமதப்படுத்தும். குளுக்கோஸ் 15 கிராம் அளவு எடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப டெஸ்ட் பண்றதுதான் முறை.

சரி, பகலை எப்படி சரி பண்றது. காலைல எழுந்து ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு சாப்பாடு, அப்புறம் மதியம், ராத்திரி, நடுவுல ரெண்டு சின்ன ஸ்நாக்ஸ், எந்த ரெண்டுக்கும் நடுவுலயும் நாலு மணி நேரத்துக்கு மேல இடைவெளி போகக்கூடாது. ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கணும், காய் இருக்கணும், அளவா மாவுச்சத்தும் இருக்கணும், ஆமா மாவுச்சத்தும்தான், எவ்ளோன்னு உங்க டாக்டரோ நேர்ல பாக்கற டயட்டீஷியனோ உங்க சுகரை பாத்து சொல்லுவாங்க. இந்த நேரம் தவறாம சாப்பிடறதுங்கறது கிறிஸ்டஃபர் ஃபேர்பர்ன் இந்த மாதிரி சாப்பாட்டு பிரச்சினைகளுக்குன்னு உருவாக்கின சிபிடி சிகிச்சையில (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தற பேச்சு சிகிச்சை) முதல்ல செய்யற காரியங்கள்ல ஒண்ணு, இதை மட்டும் ஒழுங்கா பண்ணினாலே நிறைய பேருக்கு இந்த மாதிரி சாப்பிடற நாட்கள் கணிசமா குறையறதை பாத்திருக்கேன். கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், செய்யறப்போ பயமா இருக்கும், ஏற்கனவே ராத்திரி இவ்ளோ சாப்பிடறேன் இதுல காலைல வேற சாப்பிட்டா வெயிட் என்னாகும்னு தோணும். ராத்திரி சாப்பிடறது குறையறப்போ கணக்கு தானா நேராகும். பசிச்சாதான் சாப்பிடணும்னு காத்திருக்க வேண்டாம், உங்களுக்கு இப்போ பசி, வயிறு நிறைஞ்ச உணர்வு ரெண்டுமே குழம்பிக் கிடக்கு, கொஞ்ச காலத்துக்கு கடிகாரத்தை பாத்துதான் சாப்பிடணும்.

கூடவே ஒரு நோட்டு. என்ன சாப்பிட்டீங்க, எப்போ, எங்க உக்காந்து, அப்போ மனசு எப்படி இருந்துச்சு, இது மட்டும். கலோரி எழுத வேண்டாம். சாப்பிட்ட உடனே எழுதுங்க, ராத்திரி மொத்தமா நினைவுபடுத்தி எழுதினா பிரயோஜனம் இல்ல. ராத்திரி பதினொரு மணி சமாசாரத்தையும் எழுதணும், அதைத்தான் முக்கியமா எழுதணும். ரெண்டு வாரத்துல உங்களுக்கே ஒரு அமைப்பு தெரியும், எந்த நாள்ல வருது, அன்னைக்கு மதியம் என்ன சாப்பிட்டீங்க, யாரோட சண்டை, எவ்ளோ தூக்கம். எல்லா ராத்திரியும் பசியால வர்றதும் இல்ல. எல்லாரும் தூங்கினப்புறம் கிடைக்கிற அந்த ஒரு மணி நேரம்தான் ஒரு நாள்லயே உங்களுக்குன்னு இருக்கற நேரம்னு ஒரு இடத்துல போற போக்குல எழுதியிருந்தீங்க, நான் அங்க கொஞ்ச நேரம் நின்னுட்டேன். பகல் பூரா எல்லாருக்கும் செஞ்சுட்டு, சாப்பாட்டையும் மறுத்துட்டு, ராத்திரி உங்களுக்குன்னு ஒரே ஒரு சந்தோஷம் சாக்லேட்டா மட்டும் இருந்தா அதோட பிடி இறுகத்தான் செய்யும். சாயங்காலமே ஒரு அரைமணி நேரம் உங்களுக்குன்னு யாரும் கேக்காத நேரம் வேணும், வீட்ல கேட்டு வாங்குங்க.

இந்த முதல் சில வாரம், பகல் சாப்பாடு ஒழுங்காகற வரைக்கும், வீட்ல பெரிய பார் வேண்டாம். இது தடை இல்ல, கொஞ்ச நாளைக்கு தள்ளி வைக்கிறோம், அந்த வித்தியாசம் உங்க மனசுக்கு தெரியணும், அதனால நோட்டுலயே எழுதி வைங்க, "சாக்லேட் வரப்போகுது, நான் முதல்ல சாப்பாட்டை சரி பண்ணிட்டு இருக்கேன்"னு. பிள்ளைங்களுக்கு வேணும்னா வெளில போறப்போ வாங்கி அங்கயே சாப்பிடட்டும். கணவர் ஒளிச்சு வைக்கிறதை நிறுத்த சொல்லுங்க. அவர் அக்கறைலதான் பண்றார், சந்தேகம் இல்ல, ஆனா ஒளிச்சு வெச்சா தேடறது ஒரு வேலையாகும், கண்டுபிடிக்கிறது ஒரு வெறியாகும், அவர் காவல்காரர் நீங்க திருடிங்கற மாதிரி ஆயிடும், ஏற்கனவே இருக்கற வெக்கம் இன்னும் கூடும். அவர்கிட்ட வேற உதவி கேளுங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு கூட உக்காரட்டும், நீங்க எழுந்து சமையலறை பக்கம் போற நேரத்துல ரெண்டு வார்த்தை பேச எழுப்பினா கோவிச்சுக்காம எழுந்திரிக்கட்டும்.

இப்போ சாக்லேட்டுக்கு வரேன்.

பகல் சாப்பாடு மூணு நாலு வாரம் ஓரளவு ஒழுங்கா போயி, ராத்திரி சம்பவங்கள் குறைஞ்சப்புறம், மனசு அமைதியா இருக்கற ஒரு நாளா பாத்து, மதிய சாப்பாடு நல்லா முடிச்சப்புறம், ஒரு சின்ன சாக்லேட், 20 கிராம் அளவுல தனியா பாக்கெட் பண்ணி வர்றது. பெரிய பார் வாங்கி உடைச்சு எடுக்க வேண்டாம், மிச்சம் இருக்குங்கற நினைப்பே தொல்லை பண்ணும். வீட்ல தனியா இல்லாம கூட ஒருத்தர் இருக்கும்போது, உக்காந்து, போனை தள்ளி வெச்சுட்டு. பசியோட வேண்டாம், சண்டை போட்ட அன்னைக்கு வேண்டாம், "இன்னைக்கு நல்லா இருந்தேன் அதுக்கு பரிசு"ன்னும் வேண்டாம். பரிசுன்னு ஆக்கினா மறுபடி அதை உயரத்துல தூக்கி வைக்கிறோம்.

என்ன சாக்லேட்? உங்களுக்கு உண்மையிலேயே எது பிடிக்குமோ அது. தோழி டார்க் சொன்னாங்கன்னு டார்க் வேண்டாம். கணக்கை பாருங்க, 70 சதவீத டார்க் 20 கிராம்ல சர்க்கரை சுமார் 6 கிராம், கலோரி 120 பக்கம். மில்க் சாக்லேட் 20 கிராம்ல சர்க்கரை 10, 11 கிராம், கலோரி 110 பக்கம். சர்க்கரைல வித்தியாசம் இருக்கு, கலோரில ஒண்ணும் இல்ல. சாப்பாட்டுக்கு அப்புறம் 20 கிராம் மில்க் சாக்லேட்டை பெரும்பாலான சுகர் பேஷன்ட்டோட அன்றாட உணவுத் திட்டத்துல அடக்கிடலாம், அந்த வேளை மாவுச்சத்துல கொஞ்சம் குறைச்சுக்கிட்டா போதும், ரெண்டு மணி நேரம் கழிச்சு டெஸ்ட் பண்ணி பாத்துக்கோங்க, உங்க உடம்பு என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சிடும். பிடிக்காத டார்க்கை கடமைக்கு சாப்பிட்டுட்டு மனசு நிறையாம பிடிச்சதை தேடி போறதுதான் நான் அதிகமா பாத்தது. கிட்னி பிரச்சினை ஏதாவது இருந்தா மட்டும் டார்க்ல பொட்டாசியம் கூடுதல், டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

சுகர் ஃப்ரீ சாக்லேட் பத்தியும் கேட்டிருக்கீங்க. உங்க நிலைமைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதுல நிறைய பிராண்ட்ல சர்க்கரைக்கு பதிலா மால்டிடால்னு ஒரு இனிப்புப் பொருள் போடறாங்க, அதுவும் ரத்த சர்க்கரையை ஓரளவு ஏத்தும், கலோரியும் இருக்கு, அதிகமா சாப்பிட்டா வயிறு உப்பி பேதியாகும். அதை விட எனக்கு கவலை, "இதுல சுகர் இல்ல, எவ்ளோ வேணா சாப்பிடலாம்"ங்கற எண்ணம், நிறுத்த முடியாம சாப்பிடற ஒருத்தருக்கு அது நல்ல துணை இல்ல.

எப்படி சாப்பிடறது? இங்கதான் நீங்க கேட்ட சந்தோஷம் இருக்கு, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். கோகோ பட்டர் உருகறது 34 டிகிரி செல்சியஸ் பக்கத்துல, அதாவது நம்ம உடம்பு சூட்டுக்கு கொஞ்சம் கீழ. கையில கெட்டியா இருக்கறது நாக்குல வெச்சதும் தானா உருகறதுக்கு காரணம் அதுதான். கடிச்சு மென்னு முழுங்கினா இந்த உருகறது நடக்கவே நேரம் கிடைக்காது, வாசனை மூக்குக்கு ஏற நேரம் கிடைக்காது. 1994ல மிச்சனர், ரோசின்னு ரெண்டு பேர் சாக்லேட் ஏக்கம் வர்றவங்களுக்கு ஒரு சோதனை பண்ணாங்க. ஏக்கம் வர்ற நேரத்துல சிலசமயம் உண்மையான மில்க் சாக்லேட், சிலசமயம் வெள்ளை சாக்லேட், சிலசமயம் கோகோவை கேப்சூல்ல அடைச்சு கொடுத்தாங்க. கேப்சூல்ல கோகோவோட மருந்துச் சத்து எல்லாம் இருக்கு, ருசி மட்டும் இல்ல. அது ஏக்கத்தை தொடவே இல்ல. வெள்ளை சாக்லேட் ஓரளவு அடக்குச்சு, மில்க் சாக்லேட்தான் நல்லா அடக்குச்சு. சாக்லேட்டுல ஏதோ ஒரு கெமிக்கல் மூளையை பிடிச்சு ஆட்டுது, உடம்புல மெக்னீசியம் கம்மி அதான் கேக்குதுன்னு எல்லாம் சொல்றாங்களே, அதுக்கெல்லாம் இதுல இடம் இல்ல. நீங்க தேடறது வாய்ல நடக்கற விஷயம், வாசனை, இனிப்பு, உருகற அந்த பதம். அது முதல் சில துண்டுலதான் உச்சத்துல இருக்கும், ஒரே பொருளை தொடர்ந்து சாப்பிட சாப்பிட அதோட ருசி குறைஞ்சுக்கிட்டே போகும், இது எல்லாருக்கும் நடக்கறது. பாதிக்கு மேல ருசியே தெரியலன்னு நீங்க எழுதினது அதனாலதான்.

அதனால ஒரு சின்ன துண்டை உடைச்சு, மோந்து பாத்து, நாக்கு மேல வெச்சு, கடிக்காம விடுங்க. முழுசா உருகி முடிஞ்சதும் அடுத்தது. முதல் நாள் ஒண்ணும் ரசிக்க முடியாம போகலாம், நெஞ்சு படபடக்கலாம், முடிஞ்சதும் இன்னும் வேணும்னு தவிக்கலாம். அது தோல்வி கிடையாது, இவ்ளோ நாள் எதிரியா பாத்த பொருளோட பட்டப்பகல்ல உக்காந்திருக்கீங்க, அப்படித்தான் இருக்கும். அந்த தவிப்பு ஏறும், உச்சிக்கு போகும், பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள்ள தானா இறங்கும், அதோட சண்டை போடாம இப்போ எவ்ளோ இருக்கு, பத்துக்கு எத்தனைன்னு மட்டும் பாத்துக்கிட்டு, பல்லு தேய்ச்சுட்டு, இடத்தை மாத்தி, யார்கிட்டயாவது பேசிட்டு இருங்க. முதல்ல வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு நாள், பழகினதும் கூட்டிக்கலாம். சில மாசம் போனா ஒருநாள் பாக்கெட் பையில இருக்கறதையே மறந்துடுவீங்க, என்கிட்ட வந்தவங்க அதை சொல்லும்போது அவங்க முகத்துல இருக்கற ஆச்சரியத்தை நான் ரொம்ப ரசிப்பேன்.

நடுவுல ஒரு ராத்திரி பழையபடி நடக்கும். நடக்காம இருக்கவே இருக்காது, அதனால இப்பவே சொல்றேன், மறுநாள் காலைல சாப்பிடுங்க. பசிக்கலன்னாலும், வெக்கமா இருந்தாலும், சுகர் ஏறியிருந்தாலும் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. இந்த முழு பதில்லயும் ஒண்ணே ஒண்ணுதான் உங்களால செய்ய முடியும்னா அது இதுவா இருக்கட்டும், ஏன்னா நேத்து ராத்திரியை இன்னைக்கு ராத்திரியோட கட்டறது நடுவுல இருக்கற அந்த பட்டினிதான். கூடுதலா நடக்கறது, எக்ஸர்சைஸ் பண்ணி கழிக்கிறது அதுவும் வேண்டாம்.

இது போதை, தொடவே கூடாதுன்னு சொன்னாங்களே, அவங்களையும் நான் ஒதுக்க மாட்டேன். 1960ல இருந்து ஓவர் ஈட்டர்ஸ் அனானிமஸ்ங்கற அமைப்பு விட்டு விலகற வழியிலதான் போகுது, அதுல நிம்மதி கிடைச்சவங்க இருக்காங்க. சாப்பாடு போதையாகுமாங்கறதுல ஆராய்ச்சியாளர்களுக்குள்ளயே இன்னும் ஒத்த கருத்து இல்ல. என் கருத்து என்னன்னா, ஒருத்தர் பயமில்லாம, எனக்கு இது வேண்டாம்னு நிம்மதியா விட்டா அது அவங்க முடிவு, நல்லா இருக்கட்டும். உங்க லெட்டர்ல இருக்கறது அது இல்ல, உங்களுக்கு அது வேணும், ரொம்ப வேணும், உங்களை வாழ்நாள் தடையில வெச்சா ஒவ்வொரு விசேஷமும் ஒரு பரீட்சையாயிடும்.

இன்னொண்ணு முக்கியம். நீங்க சொல்ற மாதிரி சாப்பிடறது தொடர்பா ஒரு நோய் இருக்கு, பேர் பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர். 2013ல வந்த டிஎஸ்எம்-5ங்கற மனநோய்களை வகைப்படுத்தற கையேட்டுல இது தனி நோயா இடம் பிடிச்சுது. கட்டுப்பாடு போயிடுச்சுங்கற உணர்வோட, குறைஞ்ச நேரத்துல நிறைய சாப்பிடறது, வாரத்துக்கு ஒரு தடவையாவது, மூணு மாசமா, அதோட வேகமா சாப்பிடறது, ஒளிஞ்சு சாப்பிடறது, வயிறு வலிக்கற வரைக்கும் போறது, அப்புறம் தன் மேலயே அருவருப்பு. இது உங்களுக்கு இருக்கா இல்லையான்னு ஒரு லெட்டரை வெச்சு நான் முடிவு பண்ண முடியாது, பண்ணவும் கூடாது. ஆனா ஒரு சைக்காலஜிஸ்டையோ சைக்கியாட்ரிஸ்டையோ நீங்க கண்டிப்பா பாக்கணும்ங்கற அளவுக்கு இருக்கு. இதுக்கு நல்ல சிகிச்சை இருக்கு, சிபிடி அடிப்படையில கூட ஒருத்தர் வழிநடத்த தானே செஞ்சுக்கற முறையைத்தான் பிரிட்டன்ல சிகிச்சை வழிகாட்டுதல் போடற நைஸ் அமைப்பு 2017 வழிகாட்டுதல்ல முதல் சிகிச்சையா சொல்லுது, மாத்திரை மட்டும் தனியா போதாதுன்னும் சொல்லுது. இந்த சிகிச்சையால வெயிட் பெருசா குறையாதுங்கறதையும் முன்கூட்டியே தெரிஞ்சுக்கோங்க, ராத்திரி நிம்மதியா தூங்கறதுதான் இங்க கணக்கு. சாப்பிட்டதை வாந்தி எடுக்கறது, பேதி மாத்திரை போடறது, சுகர் மாத்திரையை தானா கூட்டி குறைச்சுக்கறது, உயிரோட இருக்கவே வேண்டாம்னு தோணறது, இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே போங்க.

டாக்டர்கிட்ட போனா வாயில வார்த்தை வராது, இவ்ளோ வருஷமா டாக்டர்கிட்ட சொல்லாததுக்கு காரணமே அந்த வெக்கம்தான்னு எழுதியிருக்கீங்க. அப்போ பேச வேண்டாம். ஒரு பேப்பர்ல இப்படி எழுதி மாத்திரை சீட்டோட சேர்த்து நீட்டுங்க: "டாக்டர், வாரத்துல ரெண்டு மூணு ராத்திரி என்னால நிறுத்த முடியாம நிறைய சாப்பிடறேன். மறுநாள் சாப்பிடறதில்ல. என் மாத்திரைக்கு இது ஆபத்தா? இதுக்கு சிகிச்சை கொடுக்கற ஒருத்தர்கிட்ட என்னை அனுப்ப முடியுமா?" அவர் டயட்டை இன்னும் இறுக்கமா பண்ண சொல்லி அனுப்பினா, இந்த பதிலையும் காட்டுங்க, அதுக்கும் கேக்கலன்னா வேற டாக்டரை பாருங்க.